திருப்பி வைக்காத திருகு

வெர்லின் ஆஸ்ட்பியிடம் யார் வந்து என்ன கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பதில் அதற்குப் பிறகுதான். அந்தப் பெருமூச்சுக்குப் பத்தடி தள்ளி நின்று ஒன்பது வருடமாக நான் வேலை பார்க்கிறேன். எங்கள் கடையில் துப்பாக்கிப் பக்கம் அவருடையது. தூண்டில், புழு, வேட்டைக்கான அனுமதிச் சீட்டு எல்லாம் என் பக்கம். மான்டானாவில் இப்படி ஒரு கடை இல்லாத ஊர் கிடையாது, அலுத்துப்போன ஒரு மனிதர் நிற்காத கடையும் கிடையாது. ஆனால் வெர்லின் அளவுக்கு அலுத்துப்போனவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தேழு வருடமாக ஒரே கேள்வி. ஆகஸ்ட் பிறந்தால் போதும், கதவு மணி அடிக்கும். ஒருவன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து, "ஆயிரம் கஜத்துக்கு எந்தத் துப்பாக்கி நல்லது? எந்தத் தோட்டா?" என்பான். அவன் போனதும் அடுத்தவன் வருவான். தொப்பியின் நிறம்தான் மாறும்.

"எதுக்கு?" என்பார் வெர்லின். "காகிதக் குறியைச் சுடவா, கறிக்கா, இல்ல நாலு பேர்கிட்ட சொல்லிக்கவா?"

காகிதத்துக்கு என்றால் கனமான துப்பாக்கி, தடித்த குழல், சுடும்போது தோளில் உதை குறைந்த தோட்டா. தரையில் படுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுடலாம், தோள் தாங்கும். கறிக்கு என்றால் எட்டு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் மலை ஏறுகிறபோது அதைத் தூக்கிக்கொண்டு போவது கடைக்காரன் இல்லை. மூன்றாவது ரகத்துக்கு அவர் சொல்லும் பதில்: "அலமாரியில இருக்கறதுலயே பெருசா ஒண்ணை எடுத்துக்க. சுட்டு மட்டும் பாக்காத."

பெரும்பாலானவர்கள் மூன்றாவது ரகம்தான். சிரித்துவிட்டு, சொன்னபடியே பெரியதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

கடைசியாக மேசைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுக் காகிதத் தட்டு ஒரு கட்டு எடுத்து நீட்டுவார். ஒன்பது அங்குலத் தட்டு. உட்கார்ந்தபடி சுட வேண்டும். பத்துக்குப் பத்தும் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். ஒன்பது விழுந்தால் அது உன் தூரம் இல்லை. துப்பாக்கி ஆயிரம் கஜம் போகலாம், தோட்டா இரண்டாயிரம் கூடப் போகலாம், நீ எவ்வளவு போவாய் என்பதைத் தட்டு சொல்லும். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆள் கார் சாவியை எடுத்துவிட்டிருப்பான். தட்டுகள் மேசையிலேயே கிடக்கும். அவற்றில்தான் நாங்கள் மதியம் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்துச் சாப்பிடுவோம்.

வெர்லினுக்கு வயது அறுபத்து மூன்று. மனைவி பிரிந்துபோய் அரிசோனாவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவாள், அவர் பதிலுக்கு எல்க் மான் உப்புக்கண்டம் அனுப்புவார். சண்டை எல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குக் குளிர் அலுத்துவிட்டது என்பார். இரண்டு வருடம் முன்னால் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து உயரத் தட்டில் இருக்கும் பெட்டிகளை இடது கையால்தான் எடுக்கிறார். அவர் வாழ்க்கையில் அவர் விடாமல் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பெருங்கொம்பு மலையாட்டுக் கிடா.

அதற்கு ஆசைப்பட்டால் போதாது, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆயிரக்கணக்கில் பெயர் போடுவார்கள், ஒரு மலைக்கு நாலைந்து அனுமதிச் சீட்டுதான் கிடைக்கும். வெர்லின் இருபத்து நாலு வருடம் பெயர் போட்டார். கடைசி ஒன்பது வருடம் அந்த விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றியவள் நான். வருடா வருடம் ஜூனில் முடிவு வரும், இல்லை என்று நான் தலையாட்டுவேன், அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தோட்டாப் பெட்டிகளை அடுக்கப் போவார்.

போன ஜூனில் நான் தலையாட்டவில்லை. திரையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, புழு டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன்.

"வெர்லின்! விழுந்துடுச்சு!"

"பொறுக்கி எடு. ஓடிடப் போவுது."

"புழு இல்லய்யா! சீட்டு! உங்களுக்குக் கிடா சீட்டு விழுந்துடுச்சு!"

அவர் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, "இப்ப வந்து என்ன பண்ண நடீன்? எனக்கு முழங்கால் இருந்தப்ப வந்திருக்கலாம்ல?" என்றார். ஆனால் அன்று மதியம் பீன்ஸை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒருமுறை சீட்டு விழுந்தால் அடுத்த ஏழு வருடம் பெயர் போட முடியாது. எழுபது வயதில், அந்த முழங்காலோடு, மறுபடி குலுக்கலில் நிற்க வேண்டும். ஆக, இதுதான் முதலும் கடைசியும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் இரண்டு கோவேறு கழுதைகள் இருக்கின்றன, பிஸ்கட், மேயர் என்று பெயர். சாமான் சுமக்க அவை, கூட நடக்க நான் என்று முடிவானது. அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். இருபத்தேழு வருடமாக "பெருசு வேணாம், பெருசு வேணாம்" என்று ஊருக்கே உபதேசம் செய்த மனிதர் சொந்தமாக வைத்திருந்தது முந்நூறு மேக்னம் என்கிற பெரிய ரகத் துப்பாக்கி. கழுதை உதைத்த மாதிரி உதைக்கும். நாற்பது வயதில் வாங்கியது. "இது எனக்குப் பழகிப்போச்சு" என்பார். எல்லோரும் சொல்வதும் அதைத்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுதிடலுக்குப் போனோம். நூறு கஜத்திலேயே குண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தன. காற்று என்றார். ஒரு புல் கூட அசையவில்லை. குறிபார்க்கிற ஸ்கோப் ஆட்டம் கண்டிருக்கிறது என்றார். நான் பிடித்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அவருடைய வித்தை ஞாபகம் வந்தது. குறி தவறுகிறது என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு அவர் செய்கிற வைத்தியம். துப்பாக்கியில் தோட்டாவை அவரே போடுவார், சுடுகிறவன் பார்க்கக்கூடாது. நடுவில் மருந்தில்லாத ஒரு செத்த தோட்டாவைப் போட்டுவிடுவார். அவன் விசையை இழுப்பான், 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் குழல் முனை மட்டும் கீழே குத்திக்கொண்டு போகும். உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கியதற்கு அத்தாட்சி அது. அதற்குப் பிறகு துப்பாக்கியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

"குடுங்க, நான் போட்டுத் தரேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியும். கொடுத்தார்.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது 'டிக்'. குழல் முனை நாலு அங்குலம் தரையை நோக்கிக் குத்தியது. வெடிக்காத தோட்டாவுக்கே அவர் தோள் காதுவரை ஏறியிருந்தது.

வெர்லின் கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்கவில்லை. "எத்தனை வருஷமா இப்படிச் சுடறேனோ" என்றார்.

"தோள் ஆபரேஷனுக்கு அப்புறமா இருக்கும்."

"பொய் சொல்லாத நடீன். உனக்கு வராது."

அடுத்த வாரமே கடையில் அலமாரியைத் திறந்து, மற்றவர்களுக்குச் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். ஏழரை பவுண்டில் ஒரு ரைஃபிள். தோட்டா ஆறரை மில்லிமீட்டர் கிரீட்மோர். உதை பாதிதான், குண்டு நீளமாக ஒல்லியாக இருப்பதால் காற்றும் அதிகம் தள்ளாது, கிடாவுக்கு அது தாராளம். ஆனால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்களுக்கு அந்தத் தோட்டா பெரிய கேலிப்பொருள். நகரத்திலிருந்து வருகிற, தலையில் கொண்டை போட்ட பையன்களுடைய தோட்டா என்று அதற்குப் பெயர். பெட்ரோல் பங்க் முதலாளி ரஸ்டன் காபி குடிக்க வந்தவர், பெட்டியைப் பார்த்துவிட்டு விடவில்லை.

"என்ன வெர்லின், கொண்டை ஊசி இலவசமா குடுத்தாங்களா?"

"இருக்கற நாலு முடியில கொண்டை போட முடியல. அதான் யோசிக்கறேன்" என்றார் வெர்லின், பெருமூச்சோடு.

ஸ்கோப்பிலும் புது மாதிரி. பழைய ஸ்கோப்பில் திருக ஒன்றும் கிடையாது. தூரம் கூடினால் கொஞ்சம் மேலே பிடித்துச் சுடுவார். இதில் மேலே ஒரு திருகு. தூரத்துக்குத் தக்கபடி இத்தனை சொடுக்கு என்று திருகிக்கொண்டால் குறியை நேராகவே வைக்கலாம். எந்தத் தூரத்துக்கு எத்தனை என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி ரைஃபிளின் கட்டையில் ஒட்டினார். இந்தத் திருகு வைத்த ஸ்கோப்பை விற்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்று உண்டு: "திருகினா திருப்பி வை." கிட்டத்தில் நிற்கும் மிருகத்தை, தூரத்துக்குத் திருகியதை மறந்து சுட்டு, குண்டு முதுகுக்கு மேல் போனது என்று வந்து நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்கள் போனபிறகு நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்கத் தட்டைச் சுட்டார். முந்நூறு கஜத்தில் பத்துக்குப் பத்து. முந்நூற்று ஐம்பதில் எட்டு. அட்டையில் முந்நூறுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே இருந்த எண்களை மட்டும் அடிக்கவில்லை, அப்படியே விட்டார்.

மலையில் வேலைப் பங்கீடு இது: அவர் சுடுகிறவர், நான் பார்க்கிறவள். தூரம் அளக்கும் கருவி என் கையில். தூரத்தை நான் சொல்ல வேண்டும், அட்டையைப் பார்த்துச் சொடுக்கையும் சொல்ல வேண்டும். தூரம் மாறினால் அதையும் மறுபடி சொல்ல வேண்டும். சுடுகிறவனுக்குக் கண்ணில் மிருகம் மட்டும்தான் இருக்கும், அதனால்தான் பக்கத்தில் ஒருத்தி.

அக்டோபர் கடைசி வாரம். நாலாவது நாள் காலையில் கிடாவைப் பார்த்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கொம்பு முழு வட்டம் சுற்றி, நுனி தேய்ந்து, தனியாக நின்றது. வெர்லின் முதுகுப்பையைப் போட்டு அதன்மேல் ரைஃபிளை வைத்துப் படுத்தார்.

"எவ்வளவு?"

"நானூத்திப் பத்து."

பெருமூச்சு. "என் தூரம் இல்ல."

"அவன் நகர்ற மாதிரி தெரியல வெர்லின். இந்தப் பள்ளத்துல இறங்கி ஏற உங்க முழங்கால் விடாது. திருகியாவது வைங்க. இருபத்திரெண்டு சொடுக்கு."

"வேணாம் நடீன்."

"சுடச் சொல்லலயே! திருகி வைங்கன்னுதானே சொல்றேன். காத்தும் இல்ல. மனசு மாறினா?"

எனக்காகத்தான் திருகினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இருபத்திரண்டு சொடுக்கும் எனக்குக் கேட்டது. திருகிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, விசையைத் தொடாமல், நாற்பது நிமிடம் படுத்துக் கிடந்தார். சிவப்புக் கோட்டை அவர் தாண்டவில்லை. இருபத்து நாலு வருடம் காத்த மனிதர், தட்டு சொன்னதற்குக் கட்டுப்பட்டுக் குளிரில் கிடந்தார்.

பிறகு கிடா நடக்கத் தொடங்கியது. எங்களை நோக்கி. சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, இந்தப் பக்கம் ஏறியது.

"வரான் வெர்லின், வரான்! முந்நூத்தி நாப்பது... முந்நூறு... இருநூத்தி அறுவது! உங்க தட்டுக்குள்ள வந்துட்டான்!"

கிடா பக்கவாட்டில் திரும்பி நின்றது. வெர்லின் சுட்டார்.

குழல் முனை அசையவே இல்லை. அழகாகச் சுட்டார். கிடா முன்னங்காலில் ஒருமுறை மடங்கியது, எழுந்தது, பாறைக்குள் பாய்ந்து மறைந்தது. வெர்லின் அடுத்த தோட்டாவை ஏற்றக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். திருகைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இருபத்திரண்டில் நின்றது. இருநூற்று அறுபதுக்கு ஐந்து போதும். குண்டு ஓரடி மேலே போயிருக்கும்.

நான் சொல்லவில்லை. தூரத்தைச் சொன்னேன், சொடுக்கைச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாய் அதை விட்டுவிட்டது.

கிடா நின்ற இடத்தில் ஒரு கொத்து முடி கிடந்தது. இருபதடி தள்ளி ஒரு கல்லில் காசு அகலத்துக்கு ரத்தம். அதற்கப்புறம் ஒரு துளி, இன்னொரு துளி, பிறகு ஒன்றுமில்லை. அன்று முழுக்கத் தேடினோம். மறுநாளும் தேடினோம். வெர்லின் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறை பாறையாகக் கையை ஊன்றி ஏறி இறங்கினார். காக்கை வட்டமிடுகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வட்டமிடவில்லை.

இரண்டாம் நாள் மாலை கூடாரத்துக்குத் திரும்பி, பிஸ்கட்டின் சேணத்தில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். கத்தியையும் எடுத்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் பார்த்தால் அது உன் மிருகம். கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, உன் வேட்டை அத்தோடு முடிந்தது. சட்டத்தில் இப்படி இல்லை. சட்டப்படி மிருகம் கையில் கிடைத்த பிறகு சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி, சீட்டை முடித்தால் போதும். சீட்டு விற்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

"இன்னும் மூணு வாரம் இருக்கு வெர்லின். சும்மா முதுகுல உரசிட்டுப் போயிருக்கு. செத்திருந்தா கிடைச்சிருக்கும்."

"இருக்கலாம்."

"யாருக்குத் தெரியப்போவுது? நான் சொல்லவா போறேன்?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்த மேயருக்குக்கூடத் தெரியும்" என்று கழுதையைக் காட்டினார். "இதையே எத்தனை பேருக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லியிருக்கேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?"

மாதத்தை வெட்டினார். தேதியை வெட்டினார். இரண்டு சின்னக் காகிதத் துண்டுகள் அவர் மடியில் விழுந்தன. நான் எழுந்து போய், தண்ணீர் காட்டியாகிவிட்ட கழுதைகளுக்கு மறுபடி தண்ணீர் காட்டினேன். எனக்கு அழுகை வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது.

மறுநாள் காலை இறங்கினோம். முதல் வளைவு திரும்பியதும் மேயர் காதை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே புல்வெளியில் அதே கிடா. அதே தேய்ந்த கொம்பு நுனி. தோளுக்கு மேலே முதுகில் முடி பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த ரத்தம். சாவகாசமாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

என் கை தானாகக் கருவியை எடுத்தது. "இருநூத்தி நாப்பது" என்றேன். "நாலு சொடுக்கு" என்றும் சொன்னேன். இப்போது சொல்ல வந்தது, பாருங்கள்.

வெர்லின் ரைஃபிளை எடுத்தார். தோட்டா போடவில்லை. ஸ்கோப் வழியாக மட்டும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நொண்டறானா?" என்று கேட்டேன்.

"இல்ல. நல்லா இருக்கான்."

"அதே கிடாதான் வெர்லின். உங்க கிடாதான். தேதி வெட்டினா என்ன, எல்லாம் இதுக்காக வெட்டினதுதானே?"

"சீட்டு முடிஞ்சுது நடீன்." ரைஃபிளைத் தோளில் மாட்டினார். முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "உசுரோட இருக்கான்ல. ரெண்டு நாளா அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. வா, முழங்கால் வலிக்குது."

இறங்குகிற நாலு மணி நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்க ஆறு இடம் வந்தது. ஒன்றிலும் வாய் திறக்கவில்லை.

இப்போதும் அவர் அங்கேதான் நிற்கிறார், பத்தடி தள்ளி. போன வாரம் ஒருவன், புதுத் தொப்பி, பெரிய மேக்னமும் திருகு வைத்த ஸ்கோப்பும் கேட்டு வந்தான். பெருமூச்சு, மூன்று கேள்வி, தட்டு, எல்லாம் வரிசையாக நடந்தது. கடைசியில் வெர்லின் திருகைத் தொட்டுக் காட்டினார்.

"திருகினா திருப்பி வை. நான் வைக்கல. இருநூத்தி அறுவதுல, சும்மா நின்ன கிடாவை விட்டேன். நான் மறந்துட்டேன்."

"அடடா! பெரியவரே, பக்கத்துல சொல்றதுக்கு யாரும் இல்லயா?"

"யாருமில்ல" என்றார் வெர்லின், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "ரெண்டு கோவேறு கழுதை இருந்துச்சு, அவ்வளவுதான்."

நான் புழு டப்பாவைக் கீழே வைத்தேன்.

"மூணு" என்றேன், என் பக்கத்திலிருந்து. "மூணு கழுதை இருந்துச்சு."